மின் தொழில்நுட்பம் இரண்டு வருடப் படிப்பு: சேர்வதற்கு முன்பிருந்து முதல் வேலை வரை

இந்தப் படிப்பை முடித்து வருகிறவர்களில் இரண்டு வகையினரை அடிக்கடி பார்க்கலாம். ஒருவர் கணக்கெல்லாம் சுத்தமாகப் போடுவார். பேனலைத் திறந்து கொடுத்தால் மீட்டரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார். இன்னொருவர் வயரிங்கை அழகாகச் செய்வார். இந்த இடத்துக்கு ஏன் இந்த அளவு கேபிள் என்று கேட்டால், "எல்லாரும் இதைத்தான் போடுவாங்க" என்பார். இருவரும் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிடலாம். ஆனால் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றுபோய், சுற்றி நாலு பேர் காத்திருக்கும்போது இரண்டு பேருக்குமே கை ஓடாது.

இந்த நிலை வராமல் இருக்க எனக்குத் தெரிந்து ஒரு பழக்கம்தான் உதவும். மீட்டரை வைப்பதற்கு முன்னால், அது என்ன காட்டும் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். அப்புறம் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், காரணம் தெரியாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். நான்கு செமஸ்டரும் இதை விடாமல் செய்தால் கணக்கும் கைவேலையும் ஒன்றாகிவிடும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தப் பழக்கம் எங்கே உதவும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சேர்வதற்கு முன்

முதலில், இந்தப் படிப்பு உங்களை என்னவாக ஆக்கும் என்பதில் தெளிவு வேண்டும். பொறியாளர் வடிவமைப்பார், எலக்ட்ரீஷியன் கட்டடத்தில் வயரிங் இழுத்து இணைப்பு கொடுப்பார், டெக்னீஷியன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். வரைபடத்தைப் படிப்பது, புதிதாக வந்த இயந்திரத்தை ஓடவைப்பது, அளப்பது, பழுது கண்டுபிடிப்பது எல்லாம் அவர் வேலை. இரண்டு வருடப் படிப்பு பெரும்பாலும் இந்த மூன்றாவது வேலைக்குத்தான் தயார் செய்கிறது.

ஆகவே உரிமம் பற்றிச் சேரும்போதே கேட்டுவிடுங்கள். கட்டடங்களில் சொந்தப் பொறுப்பில் மின்வேலை செய்ய, பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். கல்லூரிச் சான்றிதழ் மட்டும் போதாது. இங்கே படிக்கும் காலம் உரிமத்துக்கான பயிற்சிக் காலத்தில் கழியுமா? பின்னால் நான்கு வருடப் பட்டப்படிப்புக்குப் போனால் எந்தெந்தப் பாடங்களை ஏற்றுக்கொள்வார்கள்? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. "அதெல்லாம் ஆகும்" என்ற வாய்வார்த்தை பின்னால் எங்கும் செல்லாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்க விளம்பரத் தாள் வேண்டாம், லேபைப் போய்ப் பாருங்கள். ஒரு மோட்டாருக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்து பேர் என்றால் ஒருவர் வயர் சொருகுவார், ஒருவர் எழுதுவார், மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். டெர்மினல் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், அந்த லேப் உபயோகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று பூட்டிக் கிடந்தால்தான் யோசிக்க வேண்டும். மாணவர்கள் கண்டுபிடிப்பதற்காக ஆசிரியர் வேண்டுமென்றே பழுது வைத்துக் கொடுப்பாரா என்றும் கேளுங்கள். அப்படிச் செய்யும் கல்லூரி என்றால் தயங்காமல் சேரலாம்.

கணிதத்தைப் பற்றிப் பலருக்குத் தேவையில்லாத பயம். சமன்பாட்டில் ஒரு எழுத்தைத் தனியே பிரித்தெடுப்பது, பின்னங்கள், பத்தின் அடுக்குகள், செங்கோண முக்கோணம், சைன் கொசைன் ஆகியவை உறுதியாக இருந்தால் முதல் வருடம் ஓடிவிடும். மில்லிக்கும் மைக்ரோவுக்கும் நடுவே தடுமாறி ஆயிரம் மடங்கு பிசகுவதுதான் அதிகம் நடப்பது. சேர்வதற்கு முன் ஒரு மாதம் அலகு மாற்றக் கணக்குகளை மட்டும் போட்டுப் பழகினாலே போதும். பட்டப்படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் நுண்கணிதம் உள்ள பாடத்திட்டத்தைத் தேடுங்கள்.

முதல் செமஸ்டர்: நேர்மின்னோட்டம், மீட்டர், பாதுகாப்பு

ஓம் தன் விதியை 1827இல் வெளியிட்டார்; கிர்க்காஃப் தன் இரண்டு விதிகளை 1845இல் தந்தார். முதல் செமஸ்டரின் பாதி இந்த மூன்று விதிகள்தான். சூத்திரம் ஒரே நாளில் மனப்பாடம் ஆகிவிடும், அதனாலேயே பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

இதைச் செய்து பாருங்கள். 10 வோல்ட் சப்ளையின் குறுக்கே, தலா 1 மெகாஓம் உள்ள இரண்டு மின்தடைகளைத் தொடரில் இணையுங்கள். ஒன்றின் குறுக்கே என்ன மின்னழுத்தம் வரும்? சரிபாதி, 5 வோல்ட் என்று எழுதுவீர்கள். மல்டிமீட்டரை வைத்தால் 4.76 அளவில்தான் காட்டும். மின்தடை கெட்டுவிட்டதா? இல்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகாஓம். நீங்கள் மீட்டரை வைத்ததுமே அது அந்த 1 மெகாஓமுக்கு இணையாக உட்கார்ந்துவிடுகிறது; இரண்டும் சேர்ந்து 0.909 மெகாஓம் ஆகிவிடுகின்றன. அந்த எண்ணைப் போட்டு மறுபடி கணக்குப் பாருங்கள், 4.76 கச்சிதமாக வரும். மீட்டரும் சர்க்யூட்டில் ஒரு பாகம் என்பது இந்த ஒரு சோதனையில் மண்டையில் ஏறிவிடும். விடையை முன்கூட்டியே எழுதாதவர் 4.76ஐ ரெக்கார்டு நோட்டில் குறித்துவிட்டுக் கேண்டீனுக்குப் போய்விடுவார்.

சொந்த மல்டிமீட்டர் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். அம்சங்கள் எத்தனை என்பதைவிட, அதன் மேல் கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்புத் தரம் எத்தனை வோல்ட்டுக்குப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். மின்னோட்டத் துளைக்கு உள்ளே ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆம்பியர் துளையில் வயரை விட்டுவிட்டு, மறந்து போய் வோல்ட்டேஜ் அளக்கப் போவது எல்லா லேபிலும் நடக்கும். அந்த நிலையில் மீட்டர் ஒரு நேரடி ஷார்ட். உள்ளே நல்ல ஃபியூஸ் இருந்தால் அது மட்டும் போகும். இல்லாவிட்டால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

பாதுகாப்புப் பாடத்தை வெறும் சுவரொட்டி வாசகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதிலும் எண்களைப் பாருங்கள். மாறுமின்னோட்டம் உடல் வழியே சுமார் 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால், தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். ஆளைக் காப்பாற்றப் போடும் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச், 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள் டிரிப் ஆகும்படி அமைந்திருப்பது இதயத்தைக் காக்க. 230 வோல்ட்டில் எரியும் ஒரு 60 வாட் குண்டு பல்பு இழுப்பதே ஏறக்குறைய 260 மில்லிஆம்பியர். பல ஆம்பியர் தாண்டினால்தான் விழும் எம்சிபி, அதாவது ஃபியூஸுக்குப் பதிலாகப் போடும் தானியங்கி சுவிட்ச், உங்களைக் காப்பாற்றாது, அது கேபிளைத்தான் காப்பாற்றும். எம்சிபி இருக்கிறதே என்ற தைரியத்தில் கை வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பது இப்போது புரிந்திருக்கும்.

எந்த சர்க்யூட்டிலும் கை வைக்கும் முன் செய்ய வேண்டியது எப்போதும் ஒன்றுதான். சப்ளையை நிறுத்துங்கள், உங்கள் பூட்டைப் போட்டுச் சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வையுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தைச் சோதியுங்கள். மறுபடி போய் முதல் இடத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தாலும் அது "மின்சாரம் இல்லை" என்றுதான் காட்டும்.

இரண்டாம் செமஸ்டர்: மாறுமின்னோட்டம்

பேக்லாக், அதாவது அரியர், விழுகிற செமஸ்டர் இது. ஒரு மின்தடையும் ஒரு சுருளும் தொடரில் இருக்கின்றன, சப்ளை 100 வோல்ட். மின்தடையின் குறுக்கே 60, சுருளின் குறுக்கே 80 என்று மீட்டர் காட்டுகிறது. கூட்டினால் 140. மிச்சம் 40 வோல்ட் எங்கிருந்து வந்தது? கிர்க்காஃப் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை, கால் சுற்று விலகி நிற்கின்றன. அதனால் நேராகக் கூட்டக் கூடாது, செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களாக வைத்துக் கூட்ட வேண்டும்: 3600ம் 6400ம் சேர்ந்து 10000, அதன் வர்க்கமூலம் 100. லேபில் உண்மையான சுருளை வைத்துச் செய்தால் இவ்வளவு கச்சிதமாக வராது, ஏனென்றால் சுருளின் கம்பிக்கும் கொஞ்சம் தடை உண்டு. எவ்வளவு பிசகுகிறது என்பதிலிருந்து அந்தத் தடையைக் கணக்கிட்டு, பிறகு ஓம் மீட்டரில் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒரு மாலை வேலை, ஃபேசர் (இப்படிக் கோணம் வைத்துக் கூட்டும் முறை) பற்றிய பத்து வகுப்புகளுக்குச் சமம்.

இந்த முக்கோணம் புரிந்துவிட்டால் பவர் ஃபேக்டரும், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலையாகிறது என்பதும், அதே முக்கோணம்தான். மும்முனை மின்சாரத்தில் வரும் 1.732ம் அதே வடிவியல்தான்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 என்றால் இரண்டு ஃபேஸுக்கு இடையே ஏறக்குறைய 400, 120 என்றால் 208. தனித்தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறவர்கள்தான் மூன்றாவது செமஸ்டரில் மூழ்குகிறார்கள். கால்குலேட்டரில் சிக்கலெண்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் வசதி இருக்கும். அதை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள், தேர்வில் பாதி நேரம் மிச்சமாகும்.

வயரிங் பயிற்சியும் இந்தக் கட்டத்தில்தான் வரும். இதில் நான் நிறைய சொல்லப் போவதில்லை. கை பழகப் பழக வந்துவிடும். வயர் முனையில் லக் (உலோக முனை) வைத்துக் கிரிம்ப் செய்ததும், அதாவது நசுக்கிப் பிடிக்க வைத்ததும், இழுத்துப் பார்ப்பது, ஒவ்வொரு வயர் முனையிலும் எண் போட்ட ஃபெரூல் (சிறு குழல்) மாட்டுவது, திருகைக் கடைசியில் ஒருமுறை சுற்றிவந்து இறுக்குவது, இவ்வளவுதான். மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வைத்து இன்சுலேஷன் பார்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 230/400 வோல்ட் வயரிங்குக்கு 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் சோதிப்பார்கள். குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும் என்பது சர்வதேச விதி. சோதிக்கும் முன் மின்னணுப் பொருள்களைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை போய்விடும். புதிய வயரிங்கில் நூற்றுக்கணக்கான மெகாஓம் வருவது சகஜம். 2 மெகாஓம் வந்தால் விதிப்படி தேர்ச்சிதான், ஆனாலும் எங்கேயோ ஈரமோ காயமோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் செமஸ்டர்: மோட்டாரும் கண்ட்ரோல் சர்க்யூட்டும்

என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் உயிரே இங்கேதான் இருக்கிறது. இரவும் பகலும் உட்கார்ந்து படிக்க வேண்டிய செமஸ்டர் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மோட்டாரின் நேம்பிளேட்டைப் படிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்பிஎம் என்று போட்டிருக்கும். காந்தப்புலம் சுற்றும் வேகம் என்பது 120ஐ ஹெர்ட்ஸால் பெருக்கி, துருவங்களின் எண்ணிக்கையால் வகுத்தது. நான்கு துருவத்துக்கு 1500. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டர் அதைவிட 60 சுற்று பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப், இங்கே 4 சதவீதம். இப்போது மோட்டாரை லோடு இல்லாமல் ஓட்டினால் வேகம் என்ன இருக்கும் என்று முதலில் எழுதுங்கள், பிறகு டாக்கோமீட்டரை வையுங்கள். 1440 என்று எழுதியிருந்தால் தவறு. 1500க்கு வெகு அருகில் ஓடும். நேம்பிளேட்டில் இருப்பது முழு லோடில் ஓடும் வேகம்.

அதே நேம்பிளேட்டில் இன்னொரு வரி, பல மோட்டார்களைக் காப்பாற்றக்கூடியது. 400/690 வோல்ட், டெல்டா/ஸ்டார் (மூன்று சுருள்களை முக்கோணமாக இணைப்பது / ஒரு புள்ளியில் சேர்ப்பது) என்று இருந்தால் 400 வோல்ட் மும்முனை சப்ளையில், ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போடலாம். 230/400 என்று இருந்தால் போடவே கூடாது. டெல்டாவுக்கு மாறியதும் 230 வோல்ட்டுக்கான சுருளின் மேல் 400 வோல்ட் விழும், கொஞ்ச நேரத்தில் புகை வரும். ஸ்டாரில் தொடங்கும்போது லைன் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், கூடவே முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆக, கனமான லோடோடு கிளம்ப வேண்டிய இயந்திரத்துக்கு இது ஒத்துவராது.

அடுத்து, டிஓஎல் ஸ்டார்ட்டர், அதாவது மோட்டாரை நேராக முழு சப்ளையில் கிளப்புவது. ஒரு காண்டாக்டர் (காயிலுக்கு மின்சாரம் வந்தால் இழுத்து மூடும் சுவிட்ச்), மோட்டார் அதிகமாக இழுத்தால் நிறுத்தும் ஒரு ஓவர்லோடு ரிலே, பச்சை பட்டன், சிவப்பு பட்டன். பார்க்க ஒன்றுமில்லை போலத் தெரியும். இதை வரைபடம் பார்க்காமல் கட்டவும், கட்டியதில் நண்பரை ஒரு பழுது வைக்கச் சொல்லிக் கண்டுபிடிக்கவும் பழகுங்கள். பட்டனை அழுத்தினால் ஓடுகிறது, கையை எடுத்தால் நிற்கிறது என்றால் பட்டனை விட்ட பிறகும் காயிலுக்கு மின்சாரம் தரும் ஹோல்டிங் காண்டாக்ட் பிடிக்கவில்லை. காண்டாக்டர் "கிர்ர்" என்று துடித்தால் காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் வரவில்லை, அல்லது அதன் இரும்பு முகத்தில் அழுக்கு, அல்லது அங்கிருக்கும் சிறிய செம்பு வளையம் உடைந்திருக்கிறது. காண்டாக்டர் நன்றாக இழுக்கிறது, மோட்டார் மட்டும் சுற்றாமல் முனகுகிறது என்றால், பட்டன்களும் காயிலும் இருக்கும் கண்ட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். மோட்டாருக்கு மின்சாரம் போகும் பவர் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு ஃபேஸ் இருக்காது. உடனே நிறுத்திவிட்டு மூன்று ஃபேஸையும் பாருங்கள்.

காண்டாக்டர் இழுக்கவே இல்லை என்றால், ஸ்டார்ட் பட்டனை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, மீட்டரின் ஒரு முனையை நியூட்ரலில் வைத்துக்கொண்டு இன்னொரு முனையை ஃபியூஸ், ஸ்டாப் பட்டன், ஓவர்லோடு, ஸ்டார்ட் பட்டன், காயில் என்று ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள். இது மின்சாரம் உள்ள சர்க்யூட்டில் செய்யும் சோதனை, ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வோல்ட்டேஜ் காணாமல் போகிறதோ பழுது அங்கே. சில சமயம் அறுந்த வயரில் முப்பது நாற்பது வோல்ட் என்று அரைகுறையாகக் காட்டும். பக்கத்தில் ஓடும் வயரிலிருந்து தொற்றி வருவது அது. 10 மெகாஓம் மீட்டர் அதைக்கூடப் படித்துவிடுகிறது. முதல் செமஸ்டரில் பார்த்த அதே உள்தடை விவகாரம்தான். தடை குறைவான டெஸ்டரை வைத்தால் அந்தப் போலி வோல்ட்டேஜ் படுத்துவிடும்.

மின்மாற்றிப் பாடத்திலிருந்து ஒன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். பெரிய மின்னோட்டத்தை அளக்கப் போடும் மின்னோட்ட மின்மாற்றி, அதாவது சிடி, ஓடும்போது அதன் இரண்டாம் பக்கத்தைத் திறந்துவிடக் கூடாது; ஆளைக் கொல்லும் அளவுக்கு வோல்ட்டேஜ் எழும். மீட்டரைக் கழற்றும் முன் முனைகளை ஷார்ட் செய்துவிட வேண்டும்.

நான்காம் செமஸ்டர்: பிஎல்சி, விஎஃப்டி, ப்ராஜெக்ட்

1968இல் ஜெனரல் மோட்டார்ஸ், ரிலே பேனல்களுக்கு மாற்று கேட்டதிலிருந்து பிஎல்சி, அதாவது நிரல் எழுதி இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, பிறந்தது. மாடல் மாறும்போதெல்லாம் சுவர் அகலத்துக்கு வயரிங்கைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது அவர்களுக்கு. எலக்ட்ரீஷியன்கள் ஏற்கனவே படிக்கத் தெரிந்த ரிலே வரைபடம் மாதிரியே இருக்க வேண்டும் என்பதால்தான் லேடர் நிரல் ஏணி வடிவில் இருக்கிறது. மூன்றாவது செமஸ்டரை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இது பழகிய வரைபடம்தான்.

ஒரே ஒரு இடம் எல்லாரையும் குழப்பும். ஸ்டாப் பட்டன் வெளியே என்சி வகை, அதாவது சாதாரணமாக மூடியிருப்பது. வயர் அறுந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். ஆனால் நிரலுக்குள் அதைத் திறந்த காண்டாக்ட் குறியாகப் போட வேண்டும். பட்டனை யாரும் தொடாதபோது உள்ளீட்டில் மின்சாரம் இருக்கிறது, ஆகவே அந்த பிட் 1. "1 என்றால் விடு" என்பதற்கான குறி திறந்த காண்டாக்ட். மூடிய குறியைப் போட்டால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. உள்ளீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் முன் எரிய வேண்டுமா கூடாதா என்று எழுதிவைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான விஎஃப்டியில் அடிப்படை எளிது: வோல்ட்டேஜும் ஹெர்ட்ஸும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்க வேண்டும். 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்ட, 25 ஹெர்ட்ஸோடு 200 வோல்ட். அதன் உள்ளே 400 வோல்ட் நேராக்கப்பட்டு ஏறக்குறைய 565 வோல்ட் கெபாசிட்டர்களில் தேங்கி நிற்கும், சப்ளையை நிறுத்திய பின்னும் நிற்கும். மூடியில் எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருந்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ப்ராஜெக்டுக்குப் பிரமாதமான தலைப்பைத் தேடாதீர்கள். இரண்டு தண்ணீர் பம்புகள் மாறி மாறி ஓட வேண்டும், ஒன்று டிரிப் ஆனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற அளவில் ஒன்று போதும். அதை முழுதாக முடியுங்கள்: வரைபடம், கேபிள் கணக்கு, பேனல், ஃபெரூல் எண்கள், நிரல், சோதனைப் பட்டியல், என்ன பழுது வந்தால் எங்கே பார்ப்பது என்ற ஒரு பக்கக் குறிப்பு. பாதியில் நிற்கும் ரோபோவைவிட ஓடும் பம்ப் பேனலுக்கு நேர்காணலில் மதிப்பு அதிகம்.

வேலை தேடும்போது

இன்டர்ன்ஷிப் கிடைத்தால், முடிந்தால் பராமரிப்புப் பிரிவைக் கேளுங்கள். புதிய கட்டுமானத்தில் நாள் முழுக்க கேபிள் இழுத்தே காலம் போய்விடலாம். பராமரிப்பில் தினம் ஒரு பழுது வரும். அங்கே பார்த்த பழுதுகளை அறிகுறி, சந்தேகம், அளந்தது, காரணம் என்று நான்கு வரியில் எழுதிவாருங்கள். நேர்காணலுக்கு அந்த நோட்டையும் ப்ராஜெக்ட் வரைபடத்தையும் எடுத்துப் போங்கள்.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு கண்ட்ரோல் வரைபடத்தை நீட்டி, "மோட்டார் ஓடலை, என்ன பண்ணுவீங்க?" என்பார்கள். சட்டென்று காரணம் சொல்லிவிடாதீர்கள். காண்டாக்டர் இழுக்கிறதா இல்லையா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்து எங்கே மீட்டர் வைப்பீர்கள், சரியாக இருந்தால் என்ன காட்ட வேண்டும், இல்லாவிட்டால் என்ன காட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்ததும் உரிமத்துக்கான அனுபவக் காலம் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு, செய்த வேலைகளைத் தேதியோடு குறித்து மாதாமாதம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மேற்பார்வையாளர் மாறிப் போன பிறகு பழைய கணக்குக்குக் கையெழுத்து வாங்குவது பெரிய அலைச்சல்.